புதுக் கார்ட் வாங்கப்போற மகளுக்கு

கிளிநொச்சி,
2025 ஒக்டோபர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். இஞ்ச எல்லாரும் சுகம். வயல் உழுது போட்டாச்சு, மழையைப் பாத்துக்கொண்டிருக்கிறம். உன்ர கம்பியூட்டருக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்ட் வாங்கிறதெண்டு நீ போனில கேட்ட விசயத்துக்கு ரெண்டு வசனத்தில மறுமொழி சொல்ல ஏலாது. வாட்ஸ்அப்பில பேசி அனுப்பினால் நீ பாதியில நிப்பாட்டிப்போடுவாய். அதுதான் எழுத வெளிக்கிட்டனான்.

என்விடியா கொம்பனியின்ர 5070 வாங்கவோ, ஏஎம்டி கொம்பனியின்ர 9070 எக்ஸ்ரி வாங்கவோ எண்டு கேட்டாய். ரெண்டும் வேண்டாம் எண்டுதான் சொல்லப்போறன். முழுக்க வாசிச்சுப்போட்டுக் கோவி.

முதல்ல அம்மான்ர கேள்வியை முடிச்சு வைக்கிறன். விளையாட்டுச் சாமானுக்கு ரெண்டு லட்சமோ எண்டு அவ நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரியிறா. நான் சொன்னனான், பிள்ளை வேலை முடிஞ்சு வந்து வெள்ளவத்தையில ஒரு அறைக்குள்ள தனிய இருக்கிறது. இரவில சுவிஸ் மாமான்ர பெடியனோடயும் கூடப்படிச்ச பிள்ளையளோடயும் கதைச்சுச் சிரிச்சு விளையாடுறது. அதுக்குத் தன்ர உழைப்பில செலவழிக்கட்டும் எண்டு. அவ ஓமெண்டு சொல்லேல்ல, ஆனால் பேச்சை விட்டிட்டா. ஆகவே இது செலவழிக்கலாமோ எண்ட கதை இல்லை. குடுக்கிற காசுக்கு உன்ர கண்ணுக்கு என்ன தெரியப்போகுது எண்ட கதை.

5070 க்கு என்விடியா அறிவிச்ச விலை 549 டொலர். 9070 எக்ஸ்ரிக்கு ஏஎம்டி சொன்னது 599. டொலர் இப்ப 300 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல நிக்குது. 300 எண்டே வைச்சாலும் 5070 ஒண்டு 164,700 ரூபா. அதுக்கு மேல 18 வீத வற் வரி விழுந்தால் 194,000 ஐத் தாண்டும். மற்றது 212,000. கப்பல் கூலியும், இறக்கிறவன்ர லாபமும், கடைக்காரன்ர லாபமும் இன்னும் சேரேல்ல. இந்த வருசம் நாடு நெல்லுக்கு அரசாங்கம் வைச்ச விலை கிலோ 120 ரூபா. அப்பிடிப் பாத்தால் 5070 எண்டது 1,600 கிலோ நெல். உன்னை வெக்கப்படுத்த இதை எழுதேல்ல. எனக்குப் பெரிய காசெல்லாம் நெல்லாய்ப் பாத்தால்தான் விளங்கும்.

ஆனால் கார்ட்டோட செலவு நிக்காது எண்டதுதான் பெரிய விசயம். உன்ர பெட்டிக்குள்ள என்ன கிடக்குதெண்டு எனக்குத் தெரியும், பூட்டித் தந்தவன் நான். ஐ5 8400 புரொசசர், 450 வாட் பவர் சப்ளை, 24 இஞ்சி மொனிற்றர். 9070 எக்ஸ்ரி தனிய 304 வாட் இழுக்கும். அதுக்கு 750 வாட் சப்ளை வேணுமெண்டு ஏஎம்டியே சொல்லுது. அப்ப சப்ளை மாத்தவேணும். சப்ளையை மாத்தினாலும் 2017 ஆம் ஆண்டுப் புரொசசர் அந்தக் கார்ட்டுக்கு ஈடு குடுக்காது, கார்ட் பாதி நேரம் சும்மா காத்துக்கொண்டிருக்கும். அப்ப புரொசசர், மதர்போட், ராம் மூண்டும் மாத்தவேணும். ராம் விலை இப்ப ஏறத் தொடங்கியிட்டுது. ஏஐ செய்யிற பெரிய கொம்பனியள் தங்கட டேட்டா சென்ரருகளுக்கு மெமரியை அள்ளிக்கொண்டு போறாங்கள், மிச்சம்தான் எங்களுக்கு.

அதோட மொனிற்றர். உன்ரது 1920க்கு 1080. அதில கிட்டத்தட்ட 20 லட்சத்து 70 ஆயிரம் புள்ளி இருக்கு. 1440 எண்டு சொல்லுறதில 36 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். 4கேயில 83 லட்சம் மட்டில. திரையில வாற ஒவ்வொரு படத்துக்கும், அதைத்தான் பிரேம் எண்டுறது, அவ்வளவு புள்ளிக்கும் நிறம் கணக்குப் பாக்கிறதுதான் கார்ட்டின்ர வேலை. 5070, 9070 எக்ஸ்ரி எல்லாம் 1440 மொனிற்றரை மனதில வைச்சுச் செய்த கார்ட். உன்ர மொனிற்றரோ செக்கனுக்கு 75 தரம்தான் படத்தை மாத்தும். கார்ட் 160 பிரேம் கீறிக் குடுத்தாலும் உனக்குத் தெரியிறது 75. மிச்சத்துக்குக் கரண்ட் காசு மட்டும் கட்டுவாய். கொஞ்சம் பொய் சொல்லுறன், பிரேம் கூடினால் மவுஸ் அசைவு சாடையாய்க் கெதியாய்ப் பிடிக்கும். அதுக்காக ரெண்டு லட்சம் குடுக்க ஏலாது.

தம்பி இஞ்ச குதிக்கிறான், 5070 எண்டால் 4090 க்குச் சமனாம். அதைச் சொன்னது ஆரெண்டால் என்விடியாவின்ர தலைவர் ஜென்சன் ஹுவாங். இந்த வருசம் சனவரியில லாஸ் வேகஸ் மேடையில நிண்டு சொன்னவர். 4090 எண்டது 2022 இல 1,599 டொலருக்கு வந்த சாமான். அதின்ர வேகம் 549 க்கு எண்டால் ஆர்தான் விடுவினம்? ஆனால் அதுக்குள்ள இருக்கிற கூத்தைப் பார். கார்ட் உண்மையாய் ஒரு பிரேமைக் கீறும். பேந்து அதுக்கும் அடுத்ததுக்கும் இடையில மூண்டு பிரேமை ஏஐ ஊகிச்சு நிரப்பும். திரையில மூலையில ஓடுற இலக்கம் நாலு மடங்காய்த் தெரியும். ஆனால் நீ மவுஸை அமத்தினது உண்மையான பிரேமிலதான் பதியும். செக்கனுக்கு 30 உண்மைப் பிரேம் ஓடினால், இலக்கம் 120 எண்டு காட்டினாலும் கை 30 இன்ர கனத்தைத்தான் உணரும். 60, 70 உண்மையாய் ஓடேக்குள்ள அந்த வித்தையைப் போட்டால் வடிவாய் இருக்கும், அதை நான் மறுக்கேல்ல. ஆனால் அதுக்கும் கெதியான மொனிற்றர் வேணும். உன்ரதில 75 க்கு மேல ஒண்டும் ஏறாது.

பிங், அதாவது சேர்வருக்குத் தகவல் போய்த் திரும்புற நேரம், கூட எண்டு சொல்லிக் கார்ட் மாத்தப்போறன் எண்டவனை இஞ்ச என்ர கடையில வைச்சே திருப்பி அனுப்பினனான். விளையாட்டின்ர சேர்வர் கிடக்கிறது சிங்கப்பூரிலயும் மும்பாயிலயும். கார்ட்டுக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் இல்லை.

எண்டாலும் இப்ப உன்ர பெட்டியில கிடக்கிற என்விடியா 1060 க்குக் காலம் முடிஞ்சது உண்மை. 2016 இல வந்த கார்ட், ஒன்பது வருசம் இழுத்திட்டுது. அந்தத் தலைமுறைக் கார்ட்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர், அதாவது கார்ட்டை ஓட்டுற மென்பொருள், இந்த ஒக்டோபரோட நிக்குது, பேந்து 2028 வரைக்கும் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். இந்த வருசம் வந்த டூம் டார்க் ஏஜஸ் எண்ட விளையாட்டு, ரே ட்ரேசிங் (வெளிச்சம் போற வழியைக் கணக்குப் பாக்கிற வித்தை) இல்லாத கார்ட்டில ஓடவே ஓடாது. அதால மாத்து. மாத்த வேண்டாமெண்டு சொல்லேல்ல.

என்ர சொல்லைக் கேட்டால் ஏஎம்டியின்ர 9060 எக்ஸ்ரி 16 ஜிபி வாங்கு. ஜிபி எண்டது கார்ட்டுக்குள்ள இருக்கிற மெமரியின்ர அளவு. ஜூனில வந்தது, அறிவிச்ச விலை 349 டொலர். அதே கணக்கில வரியோட 124,000 மட்டில. இழுக்கிறது 160 வாட், உன்ர 450 வாட் சப்ளை தாங்கும். உன்ர மதர்போட்டில கார்ட் செருகிற பிசிஐ வாய் பழைய மூண்டாம் தலைமுறை. என்விடியாவின்ர 5060 ரிஐ அதில தகவல் ஓடுற வழியள், லேன் எண்டு சொல்லுறதில, எட்டைத்தான் பாவிக்கும், பழைய போட்டில அது கொஞ்சம் அடிபடும். 9060 எக்ஸ்ரி 16 லேனையும் பாவிக்கும். பின்னுக்குக் காசு சேரேக்குள்ள மற்றச் சாமான்களை ஒண்டொண்டாய் மாத்து, கார்ட் அப்பிடியே நிக்கும்.

ஒரு விசயத்தில கவனம். இதே பேரில 8 ஜிபியும் இருக்கு, 299 டொலர். 5060 ரிஐயிலயும் இந்த விளையாட்டுத்தான், 8 ஜிபி 379, 16 ஜிபி 429. பெட்டியில பேர் ஒண்டு, படம் ஒண்டு, மூலையில சின்னதாய் ஒரு இலக்கம் மட்டும் வேறை. இப்ப வாற பெரிய விளையாட்டுகள் 1080 இலயே 8 ஜிபியை நிரப்பிப்போடும். நிரம்பினால் கார்ட் எவ்வளவு கெட்டிக்காரனாய் இருந்தாலும் படம் விக்கி விக்கித்தான் ஓடும், சுவரும் தரையும் மங்கலாய் வரும். பேரை மட்டும் சொல்லி விலை கேட்டால் கடைக்காரன் 8 ஜிபியின்ர விலையைத்தான் சொல்லுவான், அது மலிவாய்க் கேக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில ரெண்டு மூண்டு கடை ஏறி இறங்கி, 16 ஜிபி எண்டு வாயால சொல்லிக் கேள், பில்லிலயும் எழுதுவி.

என்விடியா இல்லாததால உனக்கு நட்டமும் இருக்கு, அதை மறைக்கேல்ல. சின்னதாய்க் கீறின படத்தை ஏஐயால பெருப்பிச்சு வேகம் கூட்டுற அவையின்ர டிஎல்எஸ்எஸ் கனக்க விளையாட்டில இருக்கு. அதே வேலை செய்யிற ஏஎம்டியின்ர புது எப்எஸ்ஆர் 4 அவ்வளவுக்கு இன்னும் பரவேல்ல. ரே ட்ரேசிங்கிலயும் என்விடியாவின்ர கை ஓங்கித்தான் நிக்குது. நீ ஒருக்கா முப்பரிமாணப் படம் செய்யிற பிளெண்டர் மென்பொருள் படிக்கப்போறன் எண்டு சொன்னாய். அது சும்மா ஆசை இல்லை, உண்மையாய் வருமானத்துக்குச் செய்யப்போறாய் எண்டால் நான் பேச்சை மாத்துவன், 5060 ரிஐ 16 ஜிபி வாங்கு. 80 டொலர் கூட. அந்த வேலையளுக்கு என்விடியாவோட மல்லுக்கட்ட ஆளில்லை.

இன்ரெலின்ர பி580, 249 டொலருக்கு 12 ஜிபி எண்டு மாமான்ர பெடியன் சொல்லியிருப்பான். நல்ல கார்ட். ஆனால் அதுக்கு ரீசைசபிள் பார், அதாவது புரொசசர் கார்ட்டின்ர மெமரி முழுக்க ஒரேயடியாய்த் தொடுற வசதி, வேணும், இன்ரெல் பத்தாம் தலைமுறையும் அதுக்கு மேலயும்தான் கேக்குது. உன்ரது எட்டாம் தலைமுறை. விடு.

அவன் மார்கழியில வரேக்குள்ள அங்கயே வாங்கிக்கொண்டு வாறன் எண்டதுக்கும் நான் தலையாட்டேல்ல. விலை கொஞ்சம் குறையும்தான். ஆறாம் மாதம் விசிறி நிண்டால் கார்ட்டை ஆர் சுவிஸுக்குத் திருப்பி அனுப்புறது? நீ பில்லோட பம்பலப்பிட்டிக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில இருக்கிறாய். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு.

பாவிச்ச கார்ட் பற்றி எனக்குத்தான் கூடத் தெரியும், ஏனெண்டால் அதுகள் கடைசியில திருத்தச் சொல்லி என்ர மேசைக்குத்தான் வருகுதுகள். 2021 இல 3060 க்கு அறிவிச்ச விலை 329 டொலர், அந்த விலைக்கு எடுத்த ஒருத்தரை நான் காணேல்ல. எல்லாத்தையும் கிரிப்டோ தோண்டுறவங்கள் வாங்கினாங்கள். 2022 செப்டெம்பரில எதேரியம் எண்ட கிரிப்டோக் காசைக் கார்ட்டால தோண்டுறது நிண்டுபோக, இரவு பகலாய் ஓடின கார்ட்டெல்லாம் துடைச்சு மினுக்கிச் சந்தைக்கு வந்தது. கழட்டிப் பாத்தால் மெமரிக்கு மேல ஒட்டின, சூடு கடத்துற பாட் காஞ்சு உதிரும், அதின்ர எண்ணெய் சர்க்கியூற் போட்டெல்லாம் ஊறிக் கிடக்கும். இன்னொரு வகை, ஜிரிஎக்ஸ் 1050 எண்டு ஸ்ரிக்கர் ஒட்டி, உள்ளுக்குப் பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு முந்தின சிப். கார்ட்டுக்குள்ள பதிஞ்சிருக்கிற பயோஸை மாத்தி எழுதினால் விண்டோசும் நம்பும். ஜிபியு-இசட் எண்ட சோதிக்கிற மென்பொருள் போட்டால்தான் குட்டு உடையும். உன்ர சிநேகிதியள் ஆரும் பாவிச்சது வாங்கப்போகினம் எண்டால், அரை மணித்தியாலம் முழு வேகத்தில ஓட்டிப் பாக்காமல் காசு குடுக்க வேண்டாமெண்டு சொல்லு.

கரண்ட் விசயம். நீ சிரிப்பாய், எண்டாலும் சொல்லுறன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில வன்னிக்குள்ள பற்றரி வராது. செய்தி கேக்கிறதெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒருத்தன் கையால பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து ரேடியோவுக்கு வயர் இழுப்பம். நான் தொழில் பழகினதே அந்த வயரிலதான். டைனமோ குடுக்கிறது 6 வோல்ற், 3 வாட். 9070 எக்ஸ்ரி ஒண்டை ஓட்ட நூறு பேர் சுத்தவேணும். அந்தக் காலத்து ஆக்களுக்கு வாட் எண்டால் வேர்வை, அதால எங்களுக்கு உந்த இலக்கம் கண்ணில குத்தும். அறைக்காரம்மா கரண்ட் பில்லைப் பிரிச்சு வாங்குறவ எண்டு சொன்னாய். பெரிய கார்ட்டோட பெட்டி முழுக்க 450 வாட் எண்டு வை, நாளுக்கு நாலு மணித்தியாலம் விளையாடினால் மாதம் 54 யூனிற். எங்கட கட்டண முறையில யூனிற் ஏற ஏறக் கடைசி யூனிற்றுகளுக்கு விலை கூட. அந்த 54 உம் மேல்தட்டிலதான் போய் விழும்.

உன்னட்டை இருக்கிற 650 விஏ யூபிஎஸ் உண்மையில தாங்கிறது 360 வாட் மட்டில. 9060 எக்ஸ்ரியோட உன்ர பெட்டியும் மொனிற்றரும் அதுக்குள்ள அடங்கும். பெரிய கார்ட்டெண்டால் கரண்ட் நிண்ட உடன யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுக்கும்.

தவணைக்கு எடுக்கிறதெண்டால் வட்டியில்லாத தவணை எண்டு அவை சொல்லுறதை நம்பி விடாத. கைக்காசுக்கு எவ்வளவு எண்டும் அதே கடையில கேட்டுப் பார், வித்தியாசம் தெரியும்.

பழைய 1060 ஐ வித்துப்போடாத. தம்பி கண் வைச்சிட்டான், வலோரன்ற் எண்ட விளையாட்டு விளையாட அவனுக்கு அது காணும். ஏ.எல். சோதினை முடியுமட்டும் கார்ட் என்ர கடை அலுமாரிக்குள்ளதான் இருக்கும், அதை அவனுக்கு இப்ப சொல்லாத. தீபாவளிக்கு வரேக்குள்ள நீயே கையில கொண்டு வா, பஸ்ஸில பொதியாய்ப் போட்டு விடாத.

வாங்க முதல் எனக்கு மூண்டு விசயம் அனுப்பு. பெட்டிக்குள்ள கார்ட் இருக்கிற இடத்தின்ர நீளம் சென்ரிமீற்றரில, பவர் சப்ளையின்ர பக்கத்தில ஒட்டியிருக்கிற லேபிளின்ர படம், கடைக்காரன் சொல்லுற கார்ட்டின்ர முழுப் பேர். சில கொம்பனி அதே கார்ட்டுக்கு மூண்டு விசிறி போட்டு 30 சென்ரிமீற்றர் நீளத்தில செய்யும், உன்ர பெட்டியில முன்னுக்கு ஹார்ட் டிஸ்க் கூடு நிக்குது. ரெண்டு விசிறிக் கார்ட் போதும்.

அன்புடன்,
அப்பா