பிப்ரவரி 1 முதல் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வா

அன்புள்ள தம்பிக்கு,

குளிர் அடங்கட்டும், அப்புறம் ஊரைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கியோட்டோவில் அப்படிக் காத்திருந்தால் உமே பூவை, அதாவது ஜப்பானியப் பிளம் பூவை, விட்டுவிடுவாய். அது குளிரிலேயே பூக்கிற மரம். சகுரா, அதாவது செர்ரிப் பூ, எப்போது மலரும் என்கிற கணக்கும் பிப்ரவரி 1-ஆம் தேதியே ஆரம்பமாகிறது. அதனால் இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிடு.

கணக்கு ரொம்பச் சுலபம். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் எழுதிக் கூட்டிக்கொண்டே வா. கூட்டுத்தொகை 600 டிகிரியை எட்டுகிற வாக்கில் சோமேய் யோஷினோ என்கிற வகைச் சகுரா முதல் பூ விடும். கியோட்டோவில் பிப்ரவரிப் பகல் சராசரியாக 10 டிகிரி, 28 நாளுக்கு 280. மார்ச்சில் 14 டிகிரி அளவுக்கு ஏறும், மிச்சம் 320-க்கு 23 நாள் ஆகும். ஆக மார்ச் 23, 24 என்று வருகிறது. வானிலைத் துறையின் 30 ஆண்டுச் சராசரியில் முதல் பூ மார்ச் 26, முழு மலர்ச்சி ஏப்ரல் 4. பள்ளிக்கூடக் கூட்டல் கணக்குக்கு இது மோசமில்லை. மார்ச் வெயில் சுள்ளென்று அடித்தால் கணக்கும் முன்னுக்கு வரும். 2023-இல் முழு மலர்ச்சியே மார்ச் 24 அன்று வந்துவிட்டது.

இது பொய்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. மொட்டு போன கோடையிலேயே கட்டிவிடும், பிறகு உறங்கும். அந்த உறக்கம் கலைய நல்ல குளிர் வேண்டும், கலைந்தபின் வளர வெயில் வேண்டும். டிசம்பரும் ஜனவரியும் மந்தமாகக் கதகதப்பாக இருந்த ஆண்டில் 600 தாண்டியும் மரம் தயங்கும், பூவும் ஒன்று முந்தி ஒன்று பிந்தி வரும். இன்னொன்று, இந்தக் கணக்கு சோமேய் யோஷினோவுக்கு மட்டும்தான். ஊர் முழுக்க அந்த வகை ஒன்றாகப் பூப்பதற்குக் காரணம், எல்லாமே ஒட்டுக்கட்டி ஒரே மரத்திலிருந்து பெருக்கியவை. மற்ற வகைகள் அதது தன் போக்கில் வரும்.

அறிவிப்பு எப்படி வருகிறது என்றும் தெரிந்துகொள். நிஜோ கோட்டைக்குள் வானிலைத் துறை குறித்து வைத்த மரம் ஒன்று இருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் ‘மலர்ந்தது’, எண்பது சதவீத மொட்டு விரிந்தால் ‘முழு மலர்ச்சி’. ‘மலர்ந்தது’ என்ற செய்தியைக் கேட்டுக் கேமராவோடு ஓடினால் வெறுங்கிளையைத்தான் பார்ப்பாய். அதற்கப்புறம் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் பொறு.

முதலில் உமே. பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை கிதானோ தென்மாங்கு கோயிலுக்குப் போ. பிப்ரவரி 25 அங்கே உமே விழா, அன்றைக்கே மாதாந்திரச் சந்தையும் கூடும். கூட்டம் பிடிக்காது என்றால் அதற்கு முந்தின நாளோ மறுநாளோ போ. பூ ஒன்றும் குறைந்துவிடாது. அரண்மனையைச் சுற்றியிருக்கிற கியோயென் தோட்டத்தின் மேற்குப் பக்கத்தில் உமே தோப்பும் பீச் தோப்பும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. பூவை அடையாளம் பிடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. உமேவுக்குக் காம்பே இல்லாத மாதிரி இருக்கும், பூ கிளையோடு ஒட்டிக்கொண்டு உட்காரும், வாசனை உண்டு. பீச் இதழின் நுனி கூராக இருக்கும். சகுராவுக்கு நீளக் காம்பு, ஒரே இடத்திலிருந்து கொத்தாகத் தொங்கும், இதழ் நுனியில் சின்ன வெட்டு. இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் மார்ச்சில் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது.

கியோயெனுக்குப் போகும்போது அடி கெட்டியான செருப்போ ஷூவோ போடு. அகலமான பாதை முழுக்கச் சரளைக் கல், மெல்லிய அடி என்றால் அரை மணியில் பாதம் வலிக்கும். அந்தச் சரளை நடுவே ஒரு கோடு மாதிரி மண் தெரியும். சைக்கிள்காரர்கள் எல்லோரும் அந்த ஒரே தடத்தில் ஓட்டி ஓட்டி இறுகிப்போனது. நடக்க வாட்டமாக இருக்கிறதே என்று அதில் நிற்காதே.

இனி சகுரா. ஊரில் பெரும்பாலானவர்கள் ஏப்ரல் முதல் வாரத்தின் சனி, ஞாயிறை மட்டும் நம்பிக்கொண்டு, அன்றைக்கு மழை வந்தால் எல்லாம் போயிற்று என்பார்கள். வகையையும் உயரத்தையும் பார்த்து நகர்ந்தால் இந்த ஊர் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஒரு மாதத்துக்குப் பூ தரும். முதலில் கியோயெனின் வட கோடியில் கொனோஎ குளத்தருகே தொங்கு சகுரா, மற்றவை மலர ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடும். பிறகு சோமேய் யோஷினோ முறை: காமோ ஆற்றங்கரை, கேயாகேவில் பழைய படகுத் தண்டவாளச் சரிவு, தத்துவப் பாதை. அவை கொட்டுகிற நேரத்தில் கிதாஓஜி பாலத்திலிருந்து கிதாயாமா பாலம் வரை காமோவின் கிழக்குக் கரையில் நகராகி பாதை. அடர் இளஞ்சிவப்புத் தொங்கு சகுரா பந்தல் போட்டது மாதிரி சுமார் 800 மீட்டர் நீளம், பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா. ஏப்ரல் நடுவில் நின்னாஜியின் ஓமுரோ சகுரா. அடியில் கெட்டிக் களிமண் இருப்பதால் வேர் இறங்காமல் மரம் குட்டையாகவே நின்றுவிட்டது என்கிறார்கள். இரண்டு, மூன்று மீட்டர்தான். கழுத்தை நிமிர்த்தாமல் முகத்துக்கு நேரே பூ பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் மேலே ஏறு. நூறு மீட்டர் ஏறினால் 0.6 டிகிரி குறையும். ஓஹாராப் பள்ளத்தாக்கு ஊரைவிட ஒரு வாரம் பின்தங்கும், 848 மீட்டர் உயர ஹியெய் மலைமேல் ஏப்ரல் கடைசியில்தான் பூக்கும்.

மழையைப் பார்த்து ரொம்பப் பயப்படாதே. புதிதாக விரிந்த பூ காம்போடு இறுக்கமாக இருக்கும், சாதாரண மழைக்கு உதிராது. முழு மலர்ச்சி தாண்டி நாலைந்து நாள் ஆனபிறகு வரும் காற்றுதான் எமன். எப்போது உதிரும் என்று பூவையே கேட்கலாம். கிட்டப் போய் நடுப்பகுதியைப் பார். வெளிறிய பச்சையாக இருந்தால் இன்னும் சில நாள் தாங்கும். மகரந்தத் தாள்களின் அடி சிவக்கத் தொடங்கியிருந்தால் அடுத்த காற்றுக்கு எல்லாம் கீழே. தூரத்திலிருந்து பார்த்தால் மரமே கொஞ்சம் அடர்சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான். குளிர் திரும்பினால் பூவுக்கு ஆயுள் கூடும், வெயில் 22, 23 டிகிரிக்கு ஏறினால் குறையும். ஆகவே குளிருகிறதே என்று சலித்துக்கொள்ளாதே.

தரையையும் பார்த்து நட. இதழ் இதழாகக் கிடந்தால் பூ தன் காலத்தில் உதிர்ந்தது. ஐந்து இதழும் கலையாமல் முழுப் பூவாகக் கிடந்தால் சிட்டுக்குருவி வேலை. அதன் அலகு குட்டை, தேனை உறிஞ்ச முடியாமல் பூவின் அடியைக் கடித்துத் தேனைக் குடித்துவிட்டுப் போட்டுவிடும். பூ பம்பரமாகச் சுழன்று விழும். நிமிர்ந்து பார்த்தால் ஆள் உட்கார்ந்திருக்கும்.

நேரம்: காலை ஆறரைக்கு நடையை ஆரம்பி. கோயில்கள் பெரும்பாலும் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், மாலை நாலரையோடு உள்ளே விட மாட்டார்கள். அதனால் கதவே இல்லாத இடங்களைக் காலைக்கு வைத்துக்கொள். காமோ கரை, கியோயென், கேயாகேச் சரிவு, தத்துவப் பாதை எல்லாம் காசும் வேண்டாம், நேரமும் பார்க்க வேண்டாம். தத்துவப் பாதை கிழக்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது, சூரியன் மலையைத் தாண்டி வர நேரமாகும். காலையில் ஆளில்லாத அமைதி கிடைக்கும், ஆனால் நிழல். படத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பிற்பகல் வெயில், ஆனால் தோளோடு தோள் உரசும் கூட்டம். இரண்டில் எது வேண்டும் என்று நீயே முடிவு செய். கின்காகுஜி (வெள்ளி மண்டபக் கோயில்) முனையிலிருந்து தெற்கே இறங்கு, இரண்டு கிலோமீட்டர்தான். அப்படியே நான்சென்ஜி வழியாகக் கேயாகே சுரங்க ரயில் நிலையத்தில் முடிக்கலாம். அந்தக் கால்வாய்த் தண்ணீர் உனக்கு எதிரே, வடக்கு நோக்கி ஓடிவரும். பிவா ஏரியிலிருந்து 1890-இல் கொண்டுவந்த கால்வாயின் கிளை அது. பூ கொட்டும் நாளில் இதழ்கள் மிதந்து வந்து மதகடியில் தேங்கி நிற்கும்.

பஸ்ஸை நம்பாதே. பூக்காலத்தில் கிழக்கு மலையோரப் பஸ்கள் நகரவே நகராது. சுரங்க ரயிலிலோ கெய்ஹான் ரயிலிலோ போய் இறங்கி நட. பஸ்ஸில் நின்று புழுங்குகிற நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம்.

உடை விஷயம். ஏப்ரல் முதல் வாரத்தில் காலை 6 டிகிரி, பகல் 18 டிகிரி இருக்கும். ஒரே கனமான கோட்டைப் போட்டால் பதினொரு மணிக்கு அதைச் சுமந்துகொண்டு திரிவாய். உள்ளே மெல்லிய பனியன், மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேல் காற்றுத் தடுக்கிற லேசான ஜாக்கெட். ஆற்றங்கரையில் உட்காரும்போது அடியில் போட ஒரு விரிப்பு வை, மண் ஈரமும் குளிரும் ஏறும். விரிப்பை மரத்தின் அடியை ஒட்டிப் போடாதே, மண் மிதிபட்டு இறுகினால் வேர் மூச்சுத் திணறும். கைக்குட்டையும் குப்பைக்கு ஒரு பையும் கட்டாயம். பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, குப்பைத் தொட்டியும் தேடினால் கிடைக்காது.

காமோ கரையில் சாப்பிட்டால் முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்கும்படி உட்கார். பருந்து, நம் ஊர் வானில் வட்டமிடுகிற அதே இனம், சத்தமில்லாமல் பின்னாலிருந்து வந்து கையிலுள்ள ரொட்டியைப் பறித்துக்கொண்டு போய்விடும். நகம் கீறும். பாலத்தடியில் உட்கார்ந்தால் நிம்மதி.

கண் அரிப்பும் தும்மலும் வந்தால் சளி என்று நினைத்துக்கொண்டு மிளகுக் கஷாயம் போடாதே. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை சுகி மரத்தின் மகரந்தம், அது ஓயும்போது ஹினோகி மரத்தின் மகரந்தம். மழை பெய்த மறுநாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால்தான் அதிகம் பறக்கும். அன்றைக்கு முகக்கவசம் போடு, போர்வையை வெளியில் காயப்போடாதே, வீட்டுக்குள் வருமுன் ஜாக்கெட்டை உதறு. இந்த மகரந்த ஒவ்வாமை முதல் ஆண்டு ஒன்றும் செய்யாமல் சில ஆண்டு கழித்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு.

ஜூன் 6 வாக்கில் மழைக்காலம் இறங்கி ஜூலை 19 வாக்கில் விலகும், சராசரிக் கணக்கு இது. எல்லோரும் அலுத்துக்கொள்கிற அந்த ஆறு வாரம்தான் நடக்க எனக்குப் பிடித்தது, கூட்டமே இருக்காது. அஜிசாய், அதாவது ஹைட்ரேஞ்சியா, அப்போதுதான். கெய்ஹான் உஜி பாதையில் மிமுரோதோ நிலையத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் மிமுரோதோஜி கோயில், சரிவு முழுக்க அதுதான். மழை தூறும்போதே போ. வெயில் அடித்தால் மதியத்துக்குள் இலை துவண்டு தொங்கும். இதழ் என்று நாம் பார்ப்பது உண்மையில் புல்லிவட்டம், அதனால்தான் வாரக்கணக்கில் உதிராமல் நிற்கிறது. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகும், சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் சிவப்பு. இலையில் நஞ்சு உண்டு, அழகாக இருக்கிறதென்று சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிடாதே. வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து வை, ராத்திரி ஒரு தடவை மாற்று. அலமாரியைத் திறந்தே வை. இல்லாவிட்டால் தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கும், அது பார்க்கச் சகிக்காது.

ஜூலையில் தாமரை. ஹனாசோனோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோகோங்கோ-இன் கோயில். திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்னாடியே பார்த்துக்கொள். பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும், நாலு நாள்தான் ஆயுள். முதல் நாள் பாதிதான் விரியும், இரண்டாம் நாள் பூவில்தான் நிறமும் மணமும் கூடியிருக்கும், நாலாம் நாள் இதழ் உதிர்ந்து நடுக்காய் மட்டும் மிஞ்சும். ஆகஸ்டில் பகல் நடையே வேண்டாம். மலைகள் மூன்று பக்கமும் அடைத்து 38 டிகிரி வரை காய்ச்சும். காலை ஏழு மணிக்குள் நடந்துவிட்டு வீடு திரும்பிவிடு.

செப்டம்பர் 22, 23 ஒட்டி சாகாவிலும் ஓஹாராவிலும் வயல் வரப்பில் சிவப்பு ஹிகன்பானா நிற்கும். இலையே இல்லாமல் தண்டு மட்டும் எழும்பிப் பூக்கும், கிழங்கு விஷம். மேப்பிள் சிவக்க ராத்திரிக் குளிர் 8 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இப்போதெல்லாம் நவம்பர் கடைசி வாரத்துக்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் தள்ளிப்போகிறது. அந்தச் சமயம் வடக்கு மலைகள் மங்கலாகத் தெரிந்தால், உன் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் குடையை எடுத்துக்கொள். கியோட்டோ ஸ்டேஷன் பக்கம் காய்ந்து கிடக்கும்போதே கிதாயாமாவில் பத்து நிமிடத் தூறல் வந்து போகும், மறுபடி வரும். மடக்குக் குடை போதும், சின்னதாக, கோட்டுப் பையில் அடங்குகிற அளவில்.

அன்புடன்,
அம்மா