பட்டங்களின் எண்ணிக்கை போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து வரலாற்றின் தலைசிறந்த வீரர் டாம் பிரேடியே என்றும், சூப்பர் பௌல் எனப்படும் பருவ இறுதி ஆட்டத்தில் ஏழு பட்டங்களை வென்றவர் இருக்கையில் விவாதத்துக்கே இடமில்லை என்றும் சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்லியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, 43 வயதில் ஏழாவது பட்டத்தையும் வென்றவரின் பெருமையை யாராலும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், பட்டங்களை எண்ணி முடிவு கட்டும் அந்த அளவுகோலை என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த ஆட்டத்தில் தாக்குதலுக்கு 11 பேர், தற்காப்புக்கு வேறு 11 பேர். எதிரணியிடம் பந்து இருக்கும்போது, பிரேடியைப் போலத் தாக்குதலை நடத்திப் பந்து வீசும் குவார்ட்டர்பேக் களத்திலேயே இருப்பதில்லை. 2015 பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில், பிரேடியின் அணியிடம் 24-28 என்று பின்தங்கியிருந்த சியாட்டில் அணி, கடந்தால் புள்ளி கிடைக்கும் எல்லைக் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தொலைவில் பந்தோடு நின்றது. மீதமிருந்ததோ அரை நிமிடத்துக்கும் குறைவு. அப்போது வீசப்பட்ட பந்தை முந்திப் பாய்ந்து பறித்தவர் பிரேடி அணியின் தற்காப்பில் ஆடிய மால்கம் பட்லர் என்ற, அதுவரை பலரும் கேள்விப்பட்டிராத இளைஞர். அன்று நான்கு டச்டவுன்களுக்கு (பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி பெறுதல்) பந்து வீசியிருந்த பிரேடி, அந்த நொடியில் களத்துக்கு வெளியே இருந்தார். 2018 இறுதி ஆட்டத்தில் 505 யார்டுகள் வீசியும் பிலடெல்பியாவிடம் தோற்ற அவர், மறு ஆண்டு தம் அணி 13 புள்ளிகளே எடுத்த ஆட்டத்தில், எதிரணியை 3 புள்ளிகளில் முடக்கிய தற்காப்பின் துணையால் வென்றார். சிறப்பாக ஆடிய நாளில் கிடைக்காத பட்டம், சுமாராக ஆடிய நாளில் கிடைத்ததென்றால், அது தனியொருவரின் திறனுக்கு எப்படி அளவாகும்?

தம் காலத்தவரை ஒருவர் எவ்வளவு தூரம் விஞ்சி நின்றார் என்று பார்ப்பதே முறை. வீசப்படும் பந்தைப் பிடித்து ஓடும் வீரரான ஜெர்ரி ரைஸ் அப்படிக் கடந்த 22,895 யார்டுகளை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை; ஆயினும் அவருக்கு வீசியவர்களில் ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங் என்ற இரு பெரும் வீரர்கள் இருந்தனர். என் தேர்வு கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியின் ஜிம் பிரௌன்.

1957 முதல் 1965 வரை அவர் ஆடிய ஒன்பது பருவங்களில் எட்டில், பந்தோடு ஓடி அதிக யார்டுகள் கடந்தவர் அவரே. ஓட்டம் ஒன்றுக்குச் சராசரி 5.2 யார்டு. பந்து அவரிடம்தான் வரும் என்று எதிரணி முழுவதும் அறிந்திருந்தும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்து வீழ்த்தியும், ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் வேண்டுமென்றே மெதுவாக எழுந்து, மெதுவாகவே தம் அணியினரிடம் நடந்து செல்வார். உண்மையில் அடிபட்டிருந்தாலும் எதிரிகளுக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நடை. களத்துக்கு வெளியே, பெண்களைத் தாக்கியதாக அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளை நான் மறைக்க விரும்பவில்லை. இங்கே பேசுவது ஆட்டத்தைப் பற்றி மட்டுமே.

முதல் சூப்பர் பௌல் நடந்தது 1967 ஜனவரியில். பிரௌன் 1966இலேயே, தம் 30ஆம் வயதில், ஓய்வு பெற்றுவிட்டார். 1964இல் கிளீவ்லாந்துக்கு அவர் பெற்றுத்தந்த என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) பட்டம் தங்கள் கட்டுரையின் கணக்கில் வரவே இல்லை. எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர் என்று தலைப்பிடும்போது, அந்தக் காலத்தையும் சேர்த்து எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்