பொதுக்குழுவைப் படம் பிடிப்பது யார்?

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். குனிந்து வாளி கீளி தூக்க விடாதே. இங்கே தீபாவளி கழிந்ததிலிருந்து ஒரே புகை. காலை நடையை நிறுத்திவிட்டேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பால் பூத் வரை போய் வருவதோடு சரி. நந்தினி டொராண்டோவிலிருந்து ஜூலையில் வருகிறாள். பேத்திக்குப் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில்தான் மூடுவார்களாம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "பொதுக்குழு நேரலை என்று காலையிலிருந்து ஓடுகிறது. மேடை தெரிகிறது, மாலை தெரிகிறது, மேலேயிருந்து கூட்டம் தெரிகிறது. முடிவெடுக்க வந்தவர்கள் முகம் ஒன்றுகூடத் தெரியவில்லையே, ஏட்டி, நீ அந்த வேலையில்தானே இருந்தாய்?" என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

முகம் தெரியாததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. பெரிய கட்சிகளின் மாநாடு, பொதுக்குழு என்றால் இப்போது கட்சியே கேமராக் குழுவை அமர்த்திவிடுகிறது. நாலைந்து கேமரா, கேமராவை நீளக் கையில் தூக்கிச் சுழற்றுகிற ஒரு ஜிம்மி ஜிப், மேலே ட்ரோன், எந்த நேரத்தில் எந்தக் காட்சி போக வேண்டும் என்று மாற்றிக்கொடுக்க மேடைக்குப் பின்னால் ஒருவர். அந்தக் காட்சியை அப்படியே எல்லாச் சேனலுக்கும் கொடுத்துவிடுவார்கள். சேனலுக்கும் செலவு மிச்சம், நெரிசலில் தன் கேமராமேன் இடிபட வேண்டியதில்லை. நிருபர் வாசலில் மைக்கோடு நிற்பார். உள்ளே நடப்பதை அவரும் போனில்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாண வீடியோ எடுக்கிறவர் பந்தியில் நடந்த சண்டையை எடுக்க மாட்டார் அல்லவா? காசு கொடுத்தவர் வீட்டுக் கல்யாணம் அது. அதனால்தான் எந்தச் சேனலைத் திருப்பினாலும் உனக்கு அதே கோணம், அதே நொடியில் அதே கைதட்டல்.

நான் எடிட் மேஜையில் உட்கார்ந்த காலத்தில் எங்கள் கேமராமேன் எடுத்த டேப்தான் கைக்கு வரும். ஒரு தடவை தால்கட்டோரா அரங்கத்தில் ஒரு தேசியக் கட்சியின் கூட்டம். தலைவர் பேச்சு, மாலை, தீர்மானம் எல்லாம் ஓடி முடிந்து, டேப்பின் கடைசியில் ஒரு காட்சி. கழுத்தில் பிரதிநிதி அட்டை தொங்க ஒரு வயதான அம்மா, கசங்கிய பருத்திச் சேலை, கையில் நாலாக மடித்த தாள். எழுந்து நின்று மைக் கேட்கிறார். தொண்டர் ஒருவர் வந்து தோளைத் தொட்டு உட்காரச் சொல்கிறார். உட்கார்கிறார். தாளை விரித்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுகிறார். அதற்குள் தேசிய கீதம் தொடங்கி அரங்கமே எழுந்துவிட்டது. அந்த அம்மா நின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. அந்தக் காட்சியை வெட்டாமல் இரவுச் செய்தியில் வைத்தேன். அன்றைக்குத் தலைவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட இப்போது எனக்கு நினைவில்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது. கட்சி கொடுக்கிற காட்சியில் அப்படி ஒருவர் வரவே மாட்டார், கோமதி.

2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்ததே, நினைவிருக்கிறதா? கார்கேயும் சசி தரூரும் நின்றார்கள். அந்தக் கட்சியை நமக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். நம் நாட்டில் ஒரு பெரிய கட்சி தன் தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கையையும் வெளியில் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பார். அந்தக் கட்சியிலேயே அதற்கு முந்தைய போட்டி 2000-இல், சோனியாவுக்கும் ஜிதேந்திர பிரசாதாவுக்கும். மற்றக் கட்சிகளில் பெரும்பாலும் 'போட்டியின்றித் தேர்வு' என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடும்.

அந்தத் தேர்தலில் சுவாரசியமான விஷயங்கள் நிறைய இருந்தன. பிடித்தவர் பெயருக்கு நேரே 1 என்று எழுத வேண்டும் என்று முதலில் சொன்னார்கள். சீட்டில் கார்கேயின் வரிசை எண்ணே 1. தரூருக்கு 2. இது குழப்பும் என்று தரூர் தரப்பு ஆட்சேபித்த பிறகு டிக் அடித்தால் போதும் என்று மாற்றினார்கள். 17-ஆம் தேதி மாநிலங்களில் கட்சிப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். பெட்டிகள் தில்லி அக்பர் ரோட்டில் இருந்த கட்சி அலுவலகத்துக்கு வந்தன. எந்த மாநிலம் யாருக்குப் போட்டது என்று தெரியக் கூடாது என்பதற்காக எல்லாச் சீட்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டு 19-ஆம் தேதி எண்ணினார்கள். கார்கேக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416. உத்தரப் பிரதேச வாக்குப்பதிவு பற்றித் தரூர் தரப்பிலிருந்து எழுத்துப்பூர்வமாகப் புகாரும் போனது.

கட்சியில் இத்தனை காலம் இருந்தவர்களில் 416 பேருக்கு ஏன் ஓட்டு செல்லாமல் போனது? ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தரூருக்குப் போட்டார்களே, என்ன நினைத்துப் போட்டார்கள்? இப்படி ஒரு கேள்வியோடு ஒரு பிரதிநிதியின் முன்னால் மைக் நீண்டதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்த சேனல்களில் ஸ்டூடியோவில் வரிசையாகப் பெட்டி பெட்டியாக ஆட்கள் உட்கார்ந்து, புதுத் தலைவரை இயக்கும் ரிமோட் யார் கையில் இருக்கும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே பட்டாசு வெடித்ததும்தான் அக்பர் ரோட்டைக் காட்டினார்கள். எனக்கு அன்று மனசு ஆறவே இல்லை.

நந்தினி வீட்டில் இருந்தபோது கனடாவின் பழைய ஒளிபரப்புகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். அங்கே தலைமை மாநாடு என்றே பெயர். பிரதிநிதிகள் ஒரே அரங்கத்தில் கூடி, ஒருவருக்குப் பாதிக்கு மேல் விழும் வரை சுற்றுச் சுற்றாக ஓட்டுப் போடுவார்கள். தோற்று விலகுகிறவர் தன் ஆட்களோடு அரங்கத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து போவார். எல்லாக் கேமராவும் பின்னால் ஓடும். 1968 ஏப்ரலில் ஒட்டாவாவில் லிபரல் கட்சி மாநாடு. பியர் ட்ரூடோ முந்திக்கொண்டிருக்கிறார். ஜூடி லாமார்ஷ் என்ற அமைச்சர், போட்டியில் இருந்த பால் ஹெல்யர் பக்கம் குனிந்து, இன்னொரு வேட்பாளரான வின்டர்ஸோடு சேர்ந்துகொள், அந்த ஆளை ஜெயிக்க விடாதே என்று ஒரு வசவோடு சொல்கிறார். பக்கத்தில் நீட்டியிருந்த மைக்கில் அது விழுந்து நாடே கேட்டது. நாலாவது சுற்றில் ட்ரூடோதான் ஜெயித்தார்.

2006 டிசம்பரில் அதே கட்சி மான்ட்ரியலில் கூடியது இன்னும் நல்ல கதை. முதல் சுற்றில் மூன்றாம் இடத்தில் ஸ்தெஃபான் தியோன், 856 ஓட்டு. நாலாம் இடத்தில் ஜெரார்ட் கென்னடி, 854. இரண்டு பேர் மனசு மாறியிருந்தால் வரிசையே மாறியிருக்கும். இரண்டாம் சுற்று முடிந்ததும் கென்னடி விலகித் தியோன் பக்கம் நடந்து போகிறார், அவருடைய ஆட்கள் தியோன் அணியின் பச்சை நிறத்துக்கு மாறுகிறார்கள். முதலிரண்டு இடங்களில் இருந்த இக்னாட்டியெஃபும் பாப் ரேயும் பின்தங்கிப் போக, நாலாம் சுற்றில் தியோன் தலைவராகிறார். ஒரு பெண் பிரதிநிதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கட்சி என்றால் என்ன என்று அந்தக் கையைப் பார்த்தாலே புரியும். இப்போது அங்கேயும் உறுப்பினர்கள் இருக்கிற இடத்திலிருந்தே விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடுகிறார்கள். 2025 மார்ச்சில் மார்க் கார்னி தலைவராக வந்தது அப்படித்தான், ஒரே எண்ணிக்கையில் முடிந்தது. அதிகம் பேர் ஓட்டுப் போட முடிகிறது, அது நியாயம்தான். ஆனாலும் அரங்கத்துக்குள் நடந்த அந்த நடை போய்விட்டதே என்று எனக்கு வருத்தம்.

அமெரிக்க மாநாடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1952-இல் நாடு முழுக்க டிவியில் பார்த்தார்கள், அதே வருஷம்தான் ஒரு பெரிய கட்சியில் ஜனாதிபதி வேட்பாளரை முடிவு செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று கடைசியாகத் தேவைப்பட்டது. அப்புறம் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. 2024-இல் கமலா ஹாரிஸை ஆன்லைன் ஓட்டிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் சிகாகோவில் கூடினார்கள். நம்மவர்கள் அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரம் கோயிலில் அபிஷேகத்தைக் காட்டினார்கள்.

ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரியில் அங்கே பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் தேர்தல். கட்சி மாநாடு இல்லைதான், இருந்தாலும் நடந்தது ஒரு கட்சிக்குள் தலைமைச் சண்டை. குடியரசுக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி பதினைந்தாவது சுற்றில்தான் ஜெயித்தார். வழக்கமாக அந்தச் சபைக் கேமராக்கள் சபையின் கட்டுப்பாட்டில் இருக்கும், பேசுகிறவரை மட்டும் காட்டும். அந்தச் சில நாட்கள் மட்டும், சபை நடவடிக்கைகளை ஒளிபரப்புகிற சி-ஸ்பான் சேனல் தன் சொந்தக் கேமராவை வைத்துக்கொள்ள முடிந்தது. யார் யாரோடு ஒதுங்கிப் பேசுகிறார்கள், யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் எல்லாம் தெரிந்தது. பதினாலாவது சுற்றில் தோற்றதும் மெக்கார்த்தி தன் கட்சியிலேயே தனக்கு எதிராக நின்ற மேட் கேட்ஸ் உட்கார்ந்திருந்த இடத்துக்கே நடந்து போகிறார். மைக் ரோஜர்ஸ் என்ற உறுப்பினர் கோபத்தோடு கேட்ஸ் மேல் பாயப் போக, இன்னொருவர் அவர் முகத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார். அதே சபை, அதே ஆட்கள். கேமரா கை மாறியது, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் ஒரு தடவை பார்த்தோமே. 2022 ஜூன் 23, வானகரம், அ.தி.மு.க. பொதுக்குழு. முந்தின இரவு ஐகோர்ட்டில் அவசர வழக்கு. 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் முடிவு செய்யக் கூடாது என்று விடியற்காலையில் உத்தரவு. கூட்டம் தொடங்கினால் அந்த 23-மே நிராகரிக்கப்பட்டதாக மேடையில் அறிவிப்பு. ஓ. பன்னீர்செல்வம் பாதியில் வெளியேறினார், தண்ணீர் பாட்டில் பறந்தது. அடுத்து ஜூலை 11-இல் பாதித் திரையில் வானகரம், பாதித் திரையில் ராயப்பேட்டை அலுவலகக் கலவரம். நான் பார்த்தபோதெல்லாம் பாட்டில்தான் திரும்பத் திரும்பப் பறந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தலைமை வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினார்களே, அவர்களில் ஒருவரை ஓரமாக உட்கார வைத்து, "உங்கள் ஒன்றியத்தில் இது எப்போது பேச ஆரம்பித்தீர்கள்?" என்று யாராவது கேட்டிருந்தால் அந்தக் கட்சியின் கதையே நமக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் நம்மைப் போலத்தானே, ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்.

இதை யார் பார்ப்பார்கள் என்பார்கள் சேனல்காரர்கள். நான் இந்தப் பதிலை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஓட்டு எண்ணிக்கை நாளில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் நாம் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை. முதல் சுற்றில் பின்தங்கியவர் ஏழாவது சுற்றில் எட்டிப் பிடிக்கிறாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற ஜனங்கள் நாம். எண்ணுவதைப் பார்க்க நமக்கு அலுப்பே கிடையாது. கட்சிக்குள்ளும் எண்ணட்டும், அதைக் காட்டட்டும். உள்ளே விடமாட்டேன் என்று கட்சி சொன்னால், ஓடுகிற காட்சியின் மூலையில் 'கட்சி வழங்கிய காட்சி' என்று போடட்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். போட்டுவிட்டால் பார்க்கிறவர்கள் தானாகக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள், நீ கேட்ட மாதிரி.

பொங்கலுக்கு முன்னால் பாளையங்கோட்டை வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. உன் பழைய மாணவி ஒருத்தி சென்னையில் ஒரு சேனலில் நிருபராக இருக்கிறாள் என்றாயே, அந்தச் சமயம் அவள் ஊருக்கு வந்தால் வீட்டுக்குக் கூப்பிடு. அடுத்த பொதுக்குழுவுக்குப் போகும்போது வாசலில் நிற்காமல், உறுப்பினர்கள் வந்து இறங்குகிற பஸ் பக்கம் நின்று பத்துப் பேரிடமாவது பேசச் சொல்ல வேண்டும். கேமராமேன் கிடைக்காவிட்டால் போனில் எடுக்கட்டும். எடிட் செய்ய ஆள் இல்லை என்று சொன்னால் எனக்கு அனுப்பச் சொல், ராத்திரி முழித்தாவது செய்து தருகிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். பதில் போடு.

அன்புடன்,
ராஜி