கோடைச் சிறப்பிதழ் யூலையில் வந்தால் யாருக்குப் பயன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கோடைச் சிறப்பிதழில் ஒன்ராறியோவின் ஏரிக்கரைப் பூங்காக்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். அதில் ஒரு வசனம் இன்னும் மனதைக் குடைகிறது. கம்பிங் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்காம், அகதி முகாமில் கூடாரத்துக்குள் கிடந்த எங்கள் சனம் காசு கொடுத்துத் திரும்பவும் கூடாரத்துக்குள் போய்ப் படுக்குமா என்று பகிடியாக எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். உங்கள் கண்ணைத் தாண்டி எதுவும் அச்சுக்குப் போகாது என்று நம்புகிற வாசகி நான், அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் அம்மா முகாமில் இருந்தவர். மழை பெய்தால் பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு விடியும்வரை ஊறிய நிலத்தில் நின்றவர். அதே அம்மாதான் அல்கொன்குவின் மாகாணப் பூங்காவில், ட்ரக்கின் பின்னால் இழுத்துக்கொண்டு போய் நாங்கள் தங்குகிற ட்ரெயிலரின் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இருட்டின பிறகு ஏரியில் லூன் பறவை கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் இருந்திட்டுப் போவமே" என்று கேட்டவர். முகாமுக்கு அவர் விரும்பிப் போகவில்லை, இங்கே விரும்பி வந்தார். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பகிடியை அம்மா வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இதழை மடித்து வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, அந்த வசனத்தை விடுவோம். கட்டுரை முழுவதிலும் ஏரி என்றால் கால் நனைக்கிற இடம், பார்க் என்றால் இறைச்சி வாட்டுகிற இடம், பெண்கள் என்றால் வெங்காயம் வெட்டிக்கொண்டு மேசையில் இருப்பவர்கள். எங்கள் வீட்டில் ட்ரக்கையும் ட்ரெயிலரையும் ஓட்டுவது நான். இதற்கென்று பெரிய லைசென்ஸ் வேண்டும் என்று இன்னும் எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார் ஓட்டுகிற சாதாரண ஜி லைசென்ஸிலேயே 4,600 கிலோவுக்கு மேற்படாத ட்ரெயிலரை இழுக்கலாம், வாகனமும் அதுவும் சேர்ந்து 11,000 கிலோவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். குடும்பங்கள் கொண்டு போகிற ட்ரெயிலர்களில் அநேகமானவை அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பின்னுக்கு எடுத்து இடத்தில் விடுவதற்குத்தான் பழக வேண்டும், அதையும் வெறும் கார் நிறுத்துமிடத்தில் பழகலாம். பார்க்கில் நான் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்து இடத்துக்காரர் ஓடிவந்து என் கணவரிடம் "நீங்கள் ஓட்டவில்லையா" என்று கேட்பது ஒரு பக்கம். அதே கேள்வியை எங்கள் பத்திரிகையும் கேட்க வேண்டுமா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் இடம் பதிவு செய்வது, போய் இறங்குகிற நாளுக்கு 5 மாதம் முன்னர் காலை 7 மணிக்குத் திறக்கிறது. ஓகஸ்ட் 1ஆம் திகதி போக வேண்டுமென்றால் மார்ச் 1ஆம் திகதி காலை 7 மணிக்குக் கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். சாண்ட்பாங்க்ஸ், கில்பெயர், பைனரி, அல்கொன்குவினில் நெடுஞ்சாலை 60 ஓரத்துக் கம்பிங் இடங்கள், இந்தப் பூங்காக்களில் மின்சார இணைப்புள்ள இடங்கள் வார இறுதிக்குக் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். உங்கள் சிறப்பிதழோ யூலையில் வருகிறது! வாசித்துவிட்டு ஆசைப்பட்டு ஒருவர் பதிவு செய்யப் போனால் எல்லாம் நிரம்பிவிட்டது என்றுதான் வரும். பிறகு அவர் என்ன சொல்வார்? எங்களுக்கு இடம் தரமாட்டார்கள் என்பார். அதைத்தான் உங்கள் கட்டுரையாளரும் எழுதியிருக்கிறார்.

ஒதுக்குவது நடக்காத விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தனியார் ட்ரெயிலர் பார்க்குக்கு நான் தொலைபேசியில் என் பெயரைச் சொல்லி இடம் கேட்டபோது இல்லை என்றார்கள், கொஞ்ச நேரத்தில் என் வேலைத்தோழி தன் ஆங்கிலப் பெயரில் கேட்டபோது எத்தனை நாளுக்கு என்று கேட்டார்கள். அதை அப்போதே உங்களுக்கு எழுதி அனுப்பினேன், நீங்கள் போடவில்லை. இடம் போதாது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. அந்த இதழில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு நான்கு பக்கம் வண்ணப்படம் இருந்தது.

ஆனால் விதியை மீறி அகப்படுவதையும் துவேஷத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. மாகாணப் பூங்காவில் ஓர் இடத்தில் 6 பேர்தான் தங்கலாம், அப்பா அம்மா, பிள்ளைகள், பாட்டன் பாட்டி என்று ஒரே குடும்பமாக இருந்தால் மட்டும் கூடலாம். நாங்கள் சித்தி குடும்பம், மச்சான் குடும்பம் என்று மூன்று வாகனத்தில் போய் ஓர் இடத்தில் இறங்கினால் காவலர் வந்து கேட்கத்தான் செய்வார். பக்கத்துப் பக்கத்து இடங்களாகப் பதிவு செய்யலாம், குழுக்களுக்கென்று பெரிய இடங்களும் உண்டு. விறகை வீட்டிலிருந்து கொண்டு போகக் கூடாது, ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் பச்சை வண்டு விறகோடு சேர்ந்தும் ஊர் ஊராகப் பரவுகிறது. சமைத்த சட்டியையும் மிஞ்சிய கறியையும் மேசையில் வைத்துவிட்டுப் படுத்தால் கரடி வரும், எல்லாவற்றையும் வாகனத்துக்குள் பூட்ட வேண்டும். ட்ரெயிலரின் கழிவு நீர்த் தாங்கியைப் புறப்படும்போது அதற்கென்று உள்ள நிலையத்தில்தான் திறக்க வேண்டும், அநேகமான பூங்காக்களில் இடத்துக்கு இடம் கழிவுக் குழாய் கிடையாது. இவற்றைத் தமிழில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இதையெல்லாம்விடக் கோபம் வருவது ஒன்றுக்குத்தான். மாகாணப் பூங்காக்களின் நீச்சல் கரைகளில் உயிர்காப்பாளர்கள் இல்லை. அறிவித்தல் பலகையில் எழுதியிருக்கும், யார் நின்று வாசிக்கிறார்கள். பல பூங்காக்களில் லைஃப் ஜக்கற் இரவல் தருகிறார்கள், அலுவலகத்தில் போய்க் கேட்டால் போதும். எங்கள் பிள்ளைகளோ காற்றடித்த மெத்தையில் ஏறி மிதக்கிறார்கள், கரையிலிருந்து காற்று வீசினால் அது ஏரியின் நடுவுக்கே கொண்டுபோய்விடும். கோடை வந்தால் எங்கள் சனத்தில் யாராவது ஒருவர் ஏரியில் மூழ்கினார் என்ற செய்தி வருகிறது, படத்தோடு முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், அடுத்த இதழில் கண்ணீர் அஞ்சலி. நான் நீச்சல் பழகியதே இந்த நாட்டுக்கு வந்து, பிள்ளைகள் பிறந்த பிறகுதான். ஊரில் கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் பெண் பிள்ளைக்கு எதற்கு என்று யாரும் பழக்கவில்லை. என்னைப் போன்ற தாய்மார் எத்தனை பேர் கரையில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

காசு உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் என்பதையும் ஏற்க முடியாது. ட்ரெயிலர் வாங்கத்தான் வேண்டுமென்றில்லை, வாடகைக்கும் கிடைக்கிறது, சிலர் கொண்டுவந்து இடத்தில் நிறுத்திவிட்டே போகிறார்கள். அல்கொன்குவினின் மியூ லேக்கில் யர்ட் எனப்படும் வட்டக் குடில்கள் இருக்கின்றன, அந்தக் கம்பிங் இடம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். தூரம் என்றால் ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் போனால் டார்லிங்டன் பூங்கா இருக்கிறது, சிம்கோ ஏரியில் சிபல்ட் பொயின்ற் பூங்கா இருக்கிறது, இரண்டிலும் ட்ரெயிலருக்கு மின்சாரம் உண்டு. கொஞ்சம் கூடுதலாகப் போக முடிந்தவர்கள் பொன் எக்கோ பூங்காவுக்குப் போக வேண்டும். மசினோ ஏரியிலிருந்து நேராக 100 மீற்றர் உயரத்துக்கு எழும்புகிற பாறை, அதன் அடியில் இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் செங்காவியால் தீட்டிய 260க்கு மேற்பட்ட ஓவியங்கள். வள்ளத்தில் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது என் மகள் கேட்ட கேள்விகளுக்கு நான் வீட்டுக்கு வந்து தேடித்தான் பதில் சொன்னேன். அப்படியான இடத்தைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கேட்பது பெரிய விஷயமல்ல. அடுத்த வருடம் பெப்ரவரி இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எந்த நாளில் பதிவு திறக்கும், ஓர் இடத்தில் எத்தனை பேர், லைஃப் ஜக்கற்றை எங்கே கேட்பது, இவ்வளவும் போதும். எழுத ஆளில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். அகதி முகாம் பற்றிய அந்த வசனத்துக்கும் அடுத்த இதழில் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தால், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
ஸ்காபரோ