செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு இவ்வாண்டு ஏழு முறை கூடியது. நிறைவெண் வராமல் இரண்டு கூட்டம் கலைந்தது. வாசிகசாலைக்கு ஓர் அலுமாரி வாங்கினோம். பொங்கல் விழா வழமைபோல் நடந்தது.

திருகோணமலைச் சீனக்குடா பற்றிப் படங்களோடு வைத்த நிகழ்வைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியாக வேண்டும். அங்கே இருந்த ஒல்லாந்தரை, அதாவது நெதர்லாந்துக்காரரைப் பற்றியது அது. “ஒல்லாந்தர் என்றால் கோட்டை இருக்கிறதே, பிறகென்ன?” என்று குழுவிலேயே கேட்டார்கள். கோட்டை 17ஆம் நூற்றாண்டுக் கதை. நான் காட்ட நினைத்தது 1942. அதற்கு இரண்டு வருடம் முன்பு, மே மாதம், ஜெர்மனி நெதர்லாந்துக்குள் புகுந்ததும் அரசி வில்ஹெல்மினாவும் அமைச்சர்களும் லண்டனுக்குப் போய், அங்கிருந்தே அரசை நடத்தினார்கள். 1942 மார்ச்சில், அவர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜாவாவும் ஜப்பானியரிடம் விழுந்தது. அங்கிருந்து தப்பி வந்த ஒல்லாந்தக் கடற்படையின் கட்டலினா பறக்கும் படகுகளை, அதாவது நீரில் இறங்கும் விமானங்களைக் கொண்டு, அவ்வாண்டு ஓகஸ்டில் 321ஆம் விமான அணியைச் சீனக்குடாவில் அமைத்தார்கள். நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துபோகும் அதே சீனக்குடாதான்! அங்கிருந்து கிளம்பி இந்து சமுத்திரத்தில் நீர்மூழ்கிகளைத் தேடியிருக்கிறார்கள், திரும்பிப்போக நாடில்லாத மனிதர்கள்.

படங்களைப் பெரிதாக்கியது என் சொந்தச் செலவு. எண்பது கதிரை போட்டோம். வந்தவர்கள் பதினொரு பேர், ஒலிபெருக்கிக்காரரையும் சேர்த்து. லண்டனுக்குப் போன அந்த ஒல்லாந்த அரசின் முதல் பிரதமர் டி கேர் பதவி போன பிறகு, கிழக்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டவர், லிஸ்பனோடு நின்று, ஜெர்மனியர் பிடித்திருந்த ஊருக்கே திரும்பிவிட்டார். நம்மவர் சிலரும் சந்தி வரை வந்து திரும்பியதாகக் கேள்வி. பெயர் சொல்லவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரி, கையிருப்பு சொல்லும்படி இல்லை. அறுபத்திரண்டு அங்கத்தவரில் சந்தா கட்டியவர்கள் இருபத்து மூவர். நாட்டை இழந்த அந்த அரசுக்காவது கடலில் வணிகக் கப்பல்கள் இருந்தன, அவற்றின் வருமானம் வந்தது. நமக்குச் சந்தாவை விட்டால் வேறு இல்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் தந்த வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றால் சந்தோஷம். ஏற்காவிட்டால், சரி, பார்ப்போம். படங்கள் என் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. மாரி தொடங்குமுன் ஒரு தகரப்பெட்டியாவது வேண்டும். கூட்டம் முடிந்ததும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலில் நிற்பேன்.