வைஃபை ரவுட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். நேற்று எங்கள் வீட்டு ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வாங்கி நான்கு வருடமாகிறது, ஃபர்ம்வேரை (ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருளை) ஒருமுறைகூட அப்டேட் செய்யவில்லை. கடவுச்சொல்லும் பழைய 'அட்மின்'தான். வெட்கமாக இருந்தது.

2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகள் இருந்த கருவிகள்தான். இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத்தான் அப்டேட்.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். பலருக்கு 192.168.0.1 அல்லது 192.168.1.1. பிரவுசரில் அதை அடித்து உள்ளே போனால் ஃபர்ம்வேர் அப்டேட் பகுதி கிடைக்கும். கோப்பை இறக்கி ஏற்றுவதானால் மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷனையும் ஒப்பிடுங்கள். வி1-க்கான கோப்பை வி2-வில் ஏற்றினால் ரவுட்டரே செத்துப்போகலாம். முடிந்தால் வைஃபையில் இல்லாமல், கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துச் செய்யுங்கள்.

முக்கியமாக, பாதியில் கரண்ட் போகக்கூடாது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் மழை நேரத்தில் தொடவே வேண்டாம். விளக்கு மினுக்கினால் பயந்து ஸ்விட்சை அணைக்காதீர்கள், ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள்.

இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி என்றால் பெரும்பாலும் அவர்களே அப்டேட் அனுப்புவார்கள். அப்புறம், அந்த 'அட்மின்' கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்டிக்கரைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள், அதில் வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும்.