மைக் கட்டிய ஆட்டோ எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம். முன்பெல்லாம் குழாயில் தண்ணீர் வராது என்றால் எங்கள் தெருவுக்கு மைக் கட்டிய ஆட்டோ வரும். இப்போது ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டால் அறிவித்தாயிற்று என்கிறார்கள் நகராட்சியில். போன வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி காலிக் குடத்தோடு குழாயடியில் ஒன்றரை மணி நேரம் நின்றார். அவரிடம் இருப்பது பட்டன் போன்.

நல்லதும் உண்டு. 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானபோது உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் விவரம் சொன்னேன். ஆனால் மழை பிடித்தால் மேட்டுப்பாளையம் போகும் பர்லியாறு பாதையில் மரம் விழுந்த பழைய வீடியோ 'இன்று காலை' என்று சுற்றுகிறது. (அனுப்புவது பெரும்பாலும் என் மைத்துனர்!) மறுப்பு மாலையில் வருகிறது, அதற்குள் அதை நம்பி மேட்டுப்பாளையம் பஸ்ஸைத் தவறவிட்டாயிற்று. பதிவு போடுங்கள், சரி. ஆட்டோவையும் அனுப்புங்கள்.

- ஒரு வாசகர், குன்னூர்